மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு மேலொப்பம்

ஐயா, வணக்கம்.

கணவரின் வேலை மாற்றத்தால் ஜூன் கடைசியில் விழுப்புரத்திலிருந்து நொய்டாவுக்குக் குடிவந்தோம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. சென்னையில் ரயிலேறி இரண்டு இரவுகள். பொடி தடவிய இட்லி மறுநாள் மதியத்தோடு தீர்ந்தது. நாக்பூர் தாண்டியதும் சின்னவள் "வீட்டுக்குப் போலாம்மா" என்று ஆரம்பித்தவள்தான், விடவில்லை.

அதையெல்லாம் சமாளித்துவிட்டோம். மாட்டிக்கொண்டது பள்ளியில். "டி.சி.யில் உங்கள் ஊர்க் கல்வி அலுவலரின் மேலொப்பம் எங்கே?" என்றார்கள். வெளிமாநிலம் போகிறோம் என்று சொல்லித்தான் டி.சி. வாங்கினோம்; அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுபது வயது மாமனார் மூன்று நாள் அலைந்து கையெழுத்து வாங்கி விரைவு அஞ்சலில் அனுப்பினார். அதுவரை பையன் தினமும் காலையில் புதுப் பையை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று பள்ளி வேன்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. ஆனால் அது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான். நாங்கள் சேர்த்தது தனியார் பள்ளி. சரி, போகட்டும். "வெளிமாநிலம் என்றால் மேலொப்பம் வாங்கிக்கொள்ளவும்" என்று டி.சி.யின் அடியில் ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

– ஒரு வாசகி, நொய்டா