வாய் உலர்ந்தால் குளிரை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பனிக்காலம் வந்துவிட்டால் உதகை, குன்னூர், கோத்தகிரி மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிது, ராத்திரி தொண்டை காய்ஞ்சு முழிப்பு வந்துடுது." குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு புதினா மிட்டாயும் சளி மாத்திரையும் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

குளிருக்குப் பங்கு உண்டு. வெளியே 5 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை அறைக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 30 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். மூக்கும் அடைத்திருந்தால் இரவு முழுக்க அந்த வறண்ட காற்று வாய் வழியாகத்தான் போய்வரும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. (கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்களுக்கு வாய் உலர்வதை விடப் பெரிய ஆபத்து உண்டு. அந்தப் புகை உயிரையே எடுக்கும்.)

ஆனால் பங்குனி, சித்திரையிலும் வாய் காய்ந்தே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைப் பெட்டியை. மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமைன் என்ற ஒவ்வாமை மருந்து இருக்கும். அது உமிழ்நீரைக் குறைக்கும். வாய் உலர்வது சளியால்தான் என்று நினைத்து இன்னொரு மாத்திரை போடுகிறார்கள், உலர்வு கூடுகிறது. நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான ஆக்ஸிபியூட்டினின், நடுக்க நோய்க்கான டிரைஹெக்ஸிபெனிடில், பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் மாத்திரைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். ஒவ்வொன்றும் தனியாகக் கொஞ்சம்தான் செய்யும், மூன்று சேர்ந்தால் வாய் பொட்டலாகிவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், இரவு வேளையைக் காலைக்குக் கொண்டுவர முடியுமா என்றும் பார்க்கலாம்.

உண்மையிலேயே உமிழ்நீர் குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். டீ இல்லாமல் ஒரு வர்க்கியை (நம் ஊர் பேக்கரிகளின் மொறுமொறுப்பான தின்பண்டம்) மென்று விழுங்க முடியவில்லை என்றால் சந்தேகம் நியாயமானது. அளந்து பார்க்க, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து அமைதியாக உட்கார்ந்து, தலையைச் சற்றுக் குனிந்து, மெல்லாமல் உறிஞ்சாமல், ஊறும் எச்சிலை 15 நிமிடம் ஒரு சின்னக் கிண்ணத்தில் விடுங்கள். நுரையைத் தள்ளிவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி அளவு பாருங்கள். 1.5 மில்லிக்குக் கீழே என்றால் அது குறைவுதான். அளவு சரியாக இருந்தும் வாய் காய்வதாகத் தோன்றினால், மூக்கடைப்பும் வாய்வழி மூச்சும் காரணமாக இருக்கலாம்.

தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடிப்பதில் பயனில்லை. சில நிமிடங்களில் வாய் மறுபடி காயும், வயதானவர்கள் பனி இரவில் நாலு முறை எழுந்து போக வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு ஸ்பூன் அளவு எடுத்து, வாயில் சுழற்றி, மெதுவாக விழுங்க வேண்டும். ஒரு கப் (250 மில்லி) வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து தினமும் நாலைந்து முறை கொப்பளித்துத் துப்பலாம். கடையில் வாங்கும் மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் இன்னும் காயும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு திரும்பி வரும். நீலகிரித் தைலத்தை மூக்குக்குள் விடவே கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது பல்லைத்தான். எச்சில் இல்லாத வாயில், சர்க்கரையிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்துப் பகுதியில் சொத்தை விழுந்து, சில மாதங்களிலேயே பல் முறியும். நாளுக்கு ஏழெட்டு இனிப்பு டீ, இடையில் புளிப்பு மிட்டாய் என்றால் கேட்கவே வேண்டாம். தேயிலைத் தோட்டத்து ஊரில் டீயைக் குறை என்றால் யார் கேட்பார்கள்? சர்க்கரையையாவது விடுங்கள். எலுமிச்சை எச்சிலை ஊறவைக்கும், கூடவே பல்லையும் அரிக்கும். அதற்குப் பதில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். புகையிலை, வெற்றிலைபாக்கு வேண்டாம். ஃபுளோரைடு உள்ள பேஸ்டில் இருமுறை துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளிக்காமல் விடுங்கள். பல் செட்டைக் கழற்றாமல் தூங்கினால் அடியில் பூஞ்சை பிடிக்கும். காரம் பட்டால் எரிச்சல், உதட்டோர வெடிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள்.

மாத்திரையே சாப்பிடாதவருக்கு வாய் உலர்ந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். கண்ணிலும் மணல் விழுந்தது போல உறுத்தி, மூட்டும் வலித்தால், உடலின் எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் சோகிரன் நோயாக இருக்கலாம். நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது அதிகம், ரத்தப் பரிசோதனையும் கண்ணீர் அளவுப் பரிசோதனையும் தேவைப்படும். கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு எச்சிலைத் தூண்டும் பைலோகார்பைன் மாத்திரை உதவும், ஆஸ்துமா இருந்தால் ஆகாது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவர்கள் "வர்க்கியோ பிஸ்கட்டோ தண்ணி இல்லாம முழுங்க முடியுதா?" என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் நல்லது. முடியவில்லை என்பவர்களை, கடையில் வாங்கிய சளி மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
கோத்தகிரி.