‘அனிமே படம் வேண்டாம்’ என்று விதி எழுதும் கேம் மாஸ்டர்களுக்கு

அன்புள்ள கேம் மாஸ்டர்களே,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டங்களை நடத்துபவர்கள் நீங்கள். புது ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது நீங்கள் அனுப்பும் விதித்தாள்கள் நிறையப் பார்த்துவிட்டேன். நேரத்துக்கு வர வேண்டும், ஒரே குழுவில் இருப்பவர்களிடம் திருடக் கூடாது, எல்லாம் நியாயம். அப்புறம் கடைசியில் ஒரு வரி இருக்கும்: கேரக்டர் படம் அனிமே ஸ்டைலில், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில், இருக்கக் கூடாது. போன மாதம் அந்த வரியில் நான் மாட்டினேன். ஒரு எல்ஃப் (கூர்க்காது கொண்ட மாய இனம்) வில்லாளிக்காக இரண்டு இரவு உட்கார்ந்து வரைந்து அனுப்பிய படத்துக்கு, “காது ரொம்ப நீளம், கண்ணு ரொம்பப் பெரிசு, வேற படம் போடுங்க” என்று பதில் வந்தது. சரி, மேசை உங்களுடையது. மாற்றிப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது உங்கள் ஆட்டத்திலிருந்தே வந்தது. 1986-இல் ஜப்பானின் காம்ப்டிக் இதழில் ஒரு தொடர் தொடங்கியது. குரூப் எஸ்என்ஈ என்ற ஆட்டக்காரர் குழுவின் நண்பர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதை, யார் என்ன பேசினார்கள் என்பதோடு நாடக வசனம் மாதிரி எழுதி வெளியிட்டார்கள். ஆட்டத்தை நடத்தியவர் ரியோ மிசுனோ. ‘ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்’ என்ற மாயக் கற்பனைத் தொடர் பிறந்த கதை இதுதான். அதில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணுக்கு யுடகா இசுபுச்சி வரைந்த காதுகள், தலையின் இருபுறமும் விரித்து வைத்த கத்திபோல நீண்டிருந்தன. அதன் பிறகு ஜப்பானிய எல்ஃப் என்றாலே அந்தக் காதுதான். (மேசையில் டீட்லிட்டாக ஆடியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். பெண் பாத்திரம் எடுக்கும் ஆண்களைக் கேலி செய்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.)

ஆட்டத்தில் எதிரியாக வரும் முரட்டு இனமான ஓர்க்கின் விஷயம் இன்னும் வேடிக்கை. ‘பன்றி மூஞ்சி ஓர்க்கெல்லாம் அனிமேக்காரங்க வேலை’ என்று உங்களில் சிலர் சிரிப்பதுண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அரக்கர் கையேடாக 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவலைப் புரட்டிப் பாருங்கள். ஓர்க்குக்குப் பன்றி மூக்கு, கோபால்டு என்ற குட்டி அரக்கனுக்கு நாய் ஜாடை. பிறகு அமெரிக்கப் பதிப்புகளில் ஓர்க்கின் மூக்கு சுருங்கியது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கோபால்டு முழுப் பல்லியாகிவிட்டது. ஜப்பானில்தான் ஓர்க் இன்றும் பன்றி, கோபால்டு இன்றும் நாய். தாத்தாவின் பழைய போட்டோவைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு ‘இது யார் வீட்டு ஆள்?’ என்று கேட்கிறீர்கள்.

நான் கரடி விடுவதாகத் தோன்றினால், ஆந்தைக்கரடியையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆட்டத்தின் செல்லப் பிராணி. அதுவும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் அந்தப் பூச்சியும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மலிவு விலைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்திலிருந்து வந்தவை. ஹாங்காங்கில் வார்த்த பொம்மைகள். அவற்றில் பல, ஜப்பானியத் தொலைக்காட்சியின் அல்ட்ராமேன் அரக்கர்களின் அரைகுறை நகல்கள் என்று ரசிகர்கள் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அனிமே உள்ளே வராமல் கதவைச் சாத்துகிறீர்கள். அதன் பங்காளி எழுபதுகளிலேயே வந்து கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டான்.

இப்போது கண். அனிமே முகம் வரைகிறவர் மேல் இமைக் கோட்டைத் தடிமனாக இழுப்பார், கீழ் இமையைக் கிட்டத்தட்ட விட்டுவிடுவார். மூக்கு ஒரு சின்ன நிழல், வாய் ஒரு கோடு. நெற்றியில் விழும் முடிக்கு மேலேயே புருவத்தைக் காட்டிவிடுவார். உடற்கூறுப்படி பார்த்தால் அபத்தம். ஆனால் கோபமா, பயமா என்பது அந்தப் புருவத்தில்தான் இருக்கிறது. 1963-இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடங்கி, வாரம் ஒரு பகுதியைக் குறைந்த படங்களில் முடித்தாக வேண்டிய கட்டாயம். உடம்பை அசைக்கக் காசில்லை. ஆகவே கண்ணும் புருவமும் வாயும் நடித்தன. மேசையில் உங்கள் முன்னால் கிடப்பதும் அசையாத, உள்ளங்கையளவு படம்தானே? அதற்கு இதைவிடப் பொருத்தமான வழி என்ன இருக்கிறது?

அனிமே வீரர்கள் தூக்கித் திரியும் பெரிய வாளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரில் வரும் அமிரி என்ற வீராங்கனை, பனி அரக்கனுக்குச் செய்த வாளைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறாள். அளவு மீறிய ஆயுதத்துக்குத் தாக்கும் பகடையில் 2 கழித்துக்கொள்ளச் சொல்லி அதன் முதல் பதிப்பு விதிப்புத்தகத்திலேயே இருந்தது. தடை போடாமல் விலை போட்டார்கள்.

உங்கள் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரம் காட்டில் நடந்தவள் முகத்தில் ஒரு கொசுக்கடி இல்லை. அறுபது வயது மந்திரவாதினிக்கும் பதினாறு வயதுத் திருடிக்கும் ஒரே முகம், முடியின் நிறம் மட்டும் வேறு. கவசம் என்ற பெயரில் நாலு பட்டை. இவை எனக்கும் எரிச்சல்தான், நானும் செய்திருக்கிறேன். அப்படியானால் அதை எழுதுங்களேன். ‘வயது தெரிய வேண்டும், பயணத்தின் அழுக்கு தெரிய வேண்டும், கவசம் உடம்பை மூட வேண்டும்’ என்று விதித்தாளில் போட்டால், அனிமே வரைபவரும் வரைந்து தருவார். எண்ணெய் ஓவியம் மாதிரி வழவழவென்று வருகிற படங்களில் பாதியும் அப்போது அடிபடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வில்லாளியைத் திரும்ப எடுத்து வரைந்திருக்கிறேன். இடது முன்கையில் நாண் உரசிய தழும்பு, தோல் காப்பு ஒரு பக்கம் தேய்ந்து வெளுத்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கினேன். காதில் கை வைக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேசையில் இடம் கேட்டு நிற்கும் ஒரு ஓவியன்