ஆச்சியின் நில ஆதாரத்தை வாசித்துத் தந்தவர்களுக்கு

செங்கோட்டை பக்கம் புளியரையில் எங்கள் ஆச்சி பெயரில் 40 சென்ட் வயல் இருக்கிறது. தாத்தா வாங்கியது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். பட்டாவில் பெயர்க் குழப்பம், ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். காகிதம் இல்லாமலில்லை. ஆதாரம் என்று சொல்கிற கிரயப் பத்திரம். மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, ஆனால் முழுக்க மலையாளம். வாசிக்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

1956 நவம்பர் 1 வரை எங்கள் பக்கம் மலையாள ராஜ்ஜியத்தோடு இருந்தது; முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அன்றைக்கு கோட்டைவாசலுக்கு மேற்கே கேரளம், கிழக்கே நாங்கள் சென்னை மாநிலம் என்று ஆனது. சர்க்கார் மாறிவிட்டது, பெட்டிக்குள் கிடந்த காகிதம் பழைய மொழியிலேயே இருந்துவிட்டது.

முதல் நன்றி, எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இருக்கிற ஆரியங்காவு சாருக்கு. ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர். யாரோ சொல்லிக் கேட்டு, முன்பின் தெரியாத நான் போய் நின்றேன். இரண்டு சாயங்காலம் பூதக்கண்ணாடி வைத்து, கரையான் அரித்த வரிகளையும் விடாமல் வாசித்து, தமிழில் தன் கையாலேயே எழுதித் தந்தார். பத்திரத் தேதி மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1118, மேடம் மாதம். 825ஐக் கூட்டினால் 1943, நம் சித்திரை. விலை சக்கரக் கணக்கில் எழுதியிருந்தது. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று அவர்தான் விளக்கினார். ஆச்சி கடைசிவரை பணத்தைச் "சக்கரம்" என்றுதான் சொல்வாள். "கையில சக்கரம் வச்சிருக்கியாலே?" என்று கேட்டுத்தான் என்னை பஸ் ஏற்றிவிடுவாள். அது திருவிதாங்கூர் காசின் பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் சார் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "வாங்கியவர் பேர் பெண்பேராக்கும்" என்றார். ஆச்சியின் பெயர். ஒருநாளும் அவள் அதை வாய்திறந்து சொன்னதில்லை. சாரின் வீட்டம்மா வைத்த கட்டன் சாயாவைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் ஆறிய சாயாவை எடுத்துப்போய் வேறு கொண்டுவந்தார் அவர். அவருக்கும் என் நன்றி.

திரும்பி வரும்போது அந்தக் காகிதங்களைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை அடுத்த டிரிப்பில் பையை அப்படியே கொண்டுவந்து கொடுத்த நடத்துநர் அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

ஆதாரத்தில் நாலு பக்க எல்லையும் எழுதியிருந்தது. தெற்கே ஓடை, மேற்கே மருத மரம். மரம் இப்போது இல்லை. எண்பது வயதைத் தாண்டிய கீழத்தெரு பெரியப்பா வரப்பு வரப்பாக என்னைக் கூட்டிப்போய், மரம் நின்ற இடத்தில் கம்பை ஊன்றிக் காட்டினார். கால் வீக்கத்தோடு வெயிலில் நடந்தார். அவர் காட்டிய இடமும் நில அளவை செய்த தங்கச்சியின் கணக்கும் ஒன்றாகவே வந்தன. அந்தத் தங்கச்சி மதியச் சாப்பாட்டையும் விட்டு வேலையை முடித்துத் தந்தாள்.

பட்டா போன வாரம் வந்துவிட்டது. ஆச்சியிலிருந்து அம்மா பெயருக்கு.

வயலில் இப்போது பிசானப் பருவ நெல் நிற்கிறது. அறுப்பு முடிந்ததும் ஆரியங்காவுக்கு ஒரு மூட்டை அரிசி வரும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார்.