முதியோர் இல்லங்களிலும் ரத்தம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருஷம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேரன்மகாதேவி, முக்கூடல், நாங்குநேரி என்று நம் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வேலை. நான் ஊசி குத்திய விரல்களில் பெரும்பாலானவை கர்ப்பிணிகளுடையவை. அதற்கு அடுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எழுபது வயசுக்காரருக்கு ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தின் சிவப்புச் சத்து, பார்க்கச் சொல்லி என் மேஜைக்குச் சீட்டு வந்தது ரொம்ப அபூர்வம். அவர்கள் கொண்டுவரும் சீட்டில் சர்க்கரை என்று எழுதியிருக்கும். அதோடு சரி.

இதை இப்போது எழுதக் காரணம் என் பெரியம்மா. வயசு 79. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருப்பதால் மூன்று வருஷமாகப் பாளையங்கோட்டையை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன ஆடியிலிருந்தே ஆள் ஒடுங்கிக்கொண்டு வந்தார். பகலிலும் தூக்கம். பேச்சு குறைந்துவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டுகிறவர், கட்டிலை விட்டு இறங்கவில்லை. "நடந்தா கிறக்கமா வருது பிள்ளே, படுத்தே கெடக்கேன்" என்றார். இல்லத்தில் கேட்டேன். "வயசாயிட்டுல்லா" என்றார்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். ரத்தம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த நானே அப்படி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

புரட்டாசியில் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோதுதான் கீழ் இமையை இழுத்துப் பார்க்கத் தோன்றியது. சிவப்பு என்பதே இல்லை, சுண்ணாம்பு தடவிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. உள்ளங்கை ரேகையும் அப்படித்தான். அன்றைக்கே ரத்தம் எடுத்துக் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 6.9.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. எட்டுக்குக் கீழே போனால் கடுமையானது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்க்கச் சாலி முறைதான். குழாயில் 2 என்ற கோடு வரை அமிலத்தை விட்டு, விரலிலிருந்து எடுத்த ரத்தத்தை அதில் கலந்து, பத்து நிமிஷம் வைத்தால் கலவை டிக்காஷன் நிறத்துக்கு வரும். அப்புறம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்போம். ரத்தம் இல்லாதவர்களுக்கு நாலு சொட்டிலேயே நிறம் ஒத்துவிடும். அப்போதே பக்கென்று இருக்கும். ஆறு, ஏழில் ஒரு கர்ப்பிணி வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுவேன், அன்றைக்கே வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். அதே அளவில் பெரியம்மா எத்தனை வாரம் படுத்துக் கிடந்தாரோ!

ரத்தம் எங்கே போனது என்பதைச் சொன்னது இல்லத்து ஆயாதான். படுக்கையையும் துணியையும் அலசுகிற அம்மா. "மலம் ஒரு மாசமா தார் மாதிரி கறுப்பாத்தான் போகுது, யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். இதயத்துக்காகப் பெரியம்மா தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். அதோடு முட்டுவலிக்கு யாரோ மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த வலி மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண். அதிலிருந்து துளித்துளியாகக் கசிந்த ரத்தம்தான் மலத்தில் கறுப்பாகப் போயிருக்கிறது. இதற்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் எத்தனை கொடுத்து என்ன பயன்? வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து கொடுத்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வயசானவர், இதயம் தாங்க வேண்டும் என்று ஒவ்வொரு பாட்டிலையும் மெதுவாகத்தான் ஏற்றினார்கள்.

அதே இல்லத்தில் கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அவரும் வெளுத்துப்போய் இருந்தார். அவர் கதை வேறு. வாழ்நாள் முழுக்கச் சைவம். சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்பார்மின் மாத்திரை. பாதம் எரிகிறது, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிட்டார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது. பரிசோதனையில் வைட்டமின் பி12 அடிமட்டம். அந்தச் சத்து பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு, காய்கறியில் கிடையாது. வயசானால் சிலருக்கு இரைப்பையில் அமிலம் குறைந்து, உண்டதிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவும் முடியாமல் போகும். மெட்பார்மினும் அந்தச் சத்தைக் குறைக்கலாம். இவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பி12 குறைவு என்று தெரியாமல் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையை மட்டும் கொடுத்தால் இன்னும் ஆபத்து: ரத்தம் ஏறுகிற மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள்ளே கெட்டுக்கொண்டே போகும். அவருக்கு ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஒரே இல்லத்தில் இரண்டு பேர், இரண்டு காரணம். அமெரிக்க முதியவர்களைப் பற்றி 2004ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தசோகை இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் சத்துக்குறைவு. இன்னொரு பங்குக்குச் சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட அழற்சி போன்ற நோய்கள். மீதிப் பேருக்குக் காரணம் பிடிபடவில்லை. ஆகவே எல்லாருக்கும் இரும்புச்சத்தின் சிவப்பு மாத்திரையை அள்ளிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாருங்கள், எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள், காரணத்தைத் தேடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பார்க்கிற வழக்கமே ஐம்பது வயசோடு நின்றுபோகிறது. 2018ல் மத்திய அரசு தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் ஆறு பிரிவினர் இருக்கிறார்கள். ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகள், 5 முதல் 9 வயசுப் பிள்ளைகள், வளரிளம் பருவத்தினர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 49 வயசு வரையான பெண்கள். முதியவர்கள் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பிலும் பெண்களுக்கு 49 வயசு வரைதான் ஹீமோகுளோபின் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று அதில் தெரியவந்தது. அந்தப் பெண்கள்தானே நாளைக்கு எழுபதைத் தொடப்போகிறார்கள்?

இல்லத்துச் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு நாள் கீரை, ஞாயிற்றுக்கிழமை முட்டை. ஆனால் தட்டு திரும்பி வருவதை நின்று பார்த்தேன். பல் இல்லாதவர்கள் தட்டோரத்தில் கீரைத்தண்டு அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. மசித்துக் கொடுத்திருந்தால் உள்ளே போயிருக்கும். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் டீ வந்துவிடுகிறது. அந்தத் துவர்ப்பு, கீரையில் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்து, சோற்றில் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நல்லது. இதற்குத் தனியாகச் செலவு ஏதும் இல்லை.

மாத்திரை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் பெரியம்மாவின் தலையணை உறைக்குள் 14 இரும்புச்சத்து மாத்திரைகள் கிடந்தன. மலச்சிக்கலுக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறார். டாக்டரிடம் சொன்னதும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறைக்கும் உங்கள் பத்திரிகை வழியாக என் கோரிக்கை இதுதான். இல்லத்தில் சேரும்போது ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொருவருக்கும் முழு ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று ஆக்குங்கள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிற கையோடு இமையையும் இழுத்துப் பார்க்கட்டும். ஆயாக்களிடம் மலத்தின் நிறத்தைக் கேட்கட்டும். இல்லங்களில் பெற்றோரை விட்டிருக்கிற பிள்ளைகளும் அடுத்த முறை வரும்போது பழப்பையோடு நிறுத்தாமல், அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது 11.2. வராந்தாவுக்கு வந்துவிட்டார், பூவும் கட்டுகிறார். வருகிற புதன்கிழமை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை அந்த அறையில் இருக்கும் மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று இல்லத்துப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். சிரிஞ்சும் குழாய்களும் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை