தூண்டில் இல்லாமல் ஒரு நாள் முன்னால் போ

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நியூசிலாந்தின் வைமக்கரிரி ஆற்றில் வந்து சேரும் அந்தச் சிற்றாற்றுக்கு உங்களில் யாரும் இதுவரை போனதில்லை என்கிறாய். சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், நீ வெள்ளிக்கிழமையே துணைக்கு ஒருவரோடு போய்விடு, கண்ணு. தூண்டிலைக் கூடாரத்தில் வைத்துவிட்டு ஆற்றை மட்டும் பார்த்துவிட்டு வா. கையில் கோல் இருந்தால் கண் பார்க்காது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உனக்கு ஆறு வயது இருக்கும். அவலாஞ்சிக்கு மேலே, பழக்கமில்லாத ஓர் ஓடைக்கு உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் உன் மாமாவும் போனோம். ஆசை தாங்காமல் நேராகக் கரைக்கு நடந்தோம். முதல் கசத்தில், அதாவது ஆற்றின் ஆழமான பள்ளத்தில், நான்கைந்து நிழல்கள் சிதறி ஓடின. அன்று முழுவதும் நாங்கள் பார்த்த டிரவுட் மீன் அவ்வளவுதான். அது போகட்டும். திரும்பி வரும்போது, காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மழை மேலே முக்குருத்தி மலைப் பக்கம் பெய்திருக்கிறது. மாமாவின் கால் வழுக்கிவிட்டது. கரையோர மரத்தின் வேர் ஒன்று கையில் சிக்கியதால் பிழைத்தார். உன் அம்மாவிடம் இன்றுவரை இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

நீ இருக்கும் கேன்டர்பரியில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். வடமேற்குக் காற்று அடித்தால் சமவெளியில் வறண்ட வெக்கை. அதே நேரம் தென் ஆல்ப்ஸ் முகட்டில் மழை கொட்டும், ஆறு பெருகும். அதனால் கிறைஸ்ட்சர்ச் வானத்தைப் பார்த்துக் கிளம்பாதே, மலைமுகட்டின் முன்னறிவிப்பைப் பார். அங்கே போனதும் கரையோரப் புதர்களைக் கவனி. புல்லும் சுள்ளியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றனவோ, தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது. கூடாரம் அதற்கு மேலேதான். நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு வை. அது நனைய ஆரம்பித்தாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, அக்கரையில் என்ன இருந்தாலும் விட்டுவிடு.

அப்புறம் மீன். கீழிருந்து மேலாக நட. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், அதன் முதுகுக்குப் பின்னால் அதற்குப் பார்வை கிடையாது. நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். தாழ்ந்து போனால் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிப்போவாய், நிமிர்ந்தால் அகப்பட்டுவிடுவாய். ஊட்டிப் பழக்கத்தில் வெயிலைக் கணிக்காதே. நியூசிலாந்தில் உச்சிப் பொழுதில் சூரியன் வடக்கே நிற்கும், உன் நிழல் தெற்கே விழும். தெற்குக் கரையில் நின்றால் நிழல் தண்ணீரில் விழாது.

ஒவ்வொரு கசத்திலும் கால்மணி நேரமாவது உட்கார். எனக்கு மிகவும் பிடித்த வேலையே அதுதான். முதலில் கல்லும் நுரையும்தான் தெரியும். மெல்ல மெல்ல, வேகமான நீரும் நிதானமான நீரும் உரசும் கோடு தெரியும். இரை அந்தக் கோட்டில்தான் மிதந்து வரும். மீன் நிதானத்தில் நின்றுகொண்டு வேகத்திலிருந்து எடுத்துத் தின்னும். பெரிய பாறைக்குப் பின்னால் மட்டும் தேடாதே, முன்னாலும் பார். நீர் மோதித் தணியும் ஒரு சிறு மெத்தை அங்கே உண்டு. கல் ஆடுகிறதே என்று தோன்றும், அதற்கு வால் முளைக்கும். அந்த நொடிக்காகத்தான் நான் இத்தனை வருஷம் அலைந்தேன்.

ஆழமில்லாத இடத்தில் இரண்டு மூன்று கற்களைப் புரட்டிப் பார். மணலை ஒட்டிக் கூடு கட்டிய புழுவா, வாலில் மயிர் நீட்டிய தட்டைப் பூச்சியா? சனிக்கிழமை நூலில் எதைக் கட்டுவது என்று அதுவே சொல்லிவிடும். கல்லை இருந்தபடியே திருப்பி வை. வெப்பமானியையும் மறக்காதே: தண்ணீர் 10 முதல் 16 டிகிரிவரை இருந்தால் டிரவுட் நன்றாக இரையெடுக்கும், 20ஐத் தாண்டினால் அதைத் துன்புறுத்தாதே. வைமக்கரிரி என்றால் மவோரி மொழியில் குளிர்ந்த நீர் என்று படித்தேன். எவ்வளவு சரியான பெயர்!

காலணியைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே இறங்கு. 2004இல் நியூசிலாந்தில் கண்டுபிடித்த டிடிமோ பாசி, ஈரக் காலணியில் ஒட்டிக்கொண்டே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும்.

ஒருமுறை பார்த்த ஆறுதானே என்று அடுத்த வருஷம் அசட்டையாகப் போகாதே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓய்ந்தபின் போய்ப் பார்த்தேன். வருஷக்கணக்காக என் கால் பழகிய ஓடையில், கசம் இருந்த இடத்தில் கல்மேடு. புது ஆளைப் போல முதலிலிருந்து நடந்து பார்த்தேன்.

மலைக்குடிலில் இருக்கும் பயணப் பதிவேட்டில் உங்கள் பெயரையும் திரும்பும் நாளையும் எழுதிவிடு. பிறகு வெள்ளிக்கிழமை நீ பார்த்த முதல் மீன் எந்தக் கல்லருகே நின்றது என்று எனக்குச் சொல். வரைபடத்தில் குறிக்கப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா