எச்.எல்.ஏ-பி27 இருப்பதே நோயல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகெலும்பு மூட்டுகளை இறுகச் செய்யும் ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கும் எச்.எல்.ஏ-பி27 என்னும் மரபணு வகைக்கும் உள்ள தொடர்பு 1973-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரிடம் அது காணப்படுகிறது என்பது உண்மையே; ஆனால், அதைக் கொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கோ அதனினும் குறைவானவர்களுக்கோதான் நோய் வருகிறது என்ற மறுபாதியை (அதுவே முக்கியம்) யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. ஆகவே, அறிகுறியே இல்லாதவர்களின் உடல் பரிசோதனைத் தொகுப்பில் இம்மரபணு வகையைக் கண்டறியும் சோதனையையும் சேர்த்தால் அது அச்சத்தை விற்பதாகவே முடியும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, நடமாட்டத்தில் குறையும் முதுகுவலி உள்ளவர்களுக்கோ, மூட்டுவாத மருத்துவரின் ஆலோசனையோடு அது பெரிதும் பயன்படும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்