ஜவ்வாது மலை கிராவல் ரைடு (சரளை, மண்சாலை சைக்கிள் பயணம்): ஜனவரி 23, 24

வணக்கம் நண்பர்களே. சனி மதியம் 2 மணிக்கு கிண்டி ரயில் நிலைய வாசலில் வேன் புறப்படும். இரவு ஜமுனாமரத்தூரில் தங்கல். ஞாயிறு காலை 6.30-க்கு சைக்கிள் கிளம்பும்.

1. டயர் 40 மி.மீ. டியூப்லெஸ் என்றால் காற்று 30–35 பிஎஸ்ஐ. டியூப் போட்டவர்கள் 40-க்குக் கீழே இறக்காதீர்கள். கல்லில் இடித்தால் ரிம் டியூபைக் கடித்து ஜோடியாக ஓட்டை விழும்.
2. டியூப்லெஸ் டயருக்குள் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றி மூன்று மாதம் தாண்டியதா? சென்னை வெயிலுக்குக் காய்ந்திருக்கும். டயரைக் குலுக்கிப் பாருங்கள், சளக் சத்தம் வராவிட்டால் 60 மி.லி. ஊற்றுங்கள்.
3. டியூப் 2, பம்ப், டயர் லீவர், குவிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடிக்கும் துண்டு). ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், அங்கே யாரிடமும் கடன் கிடைக்காது.
4. தண்ணீர் 2 லிட்டர்.
5. செய்யாற்றுக்குப் போகும் ஓடைகளைக் கடந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து விடுங்கள். ஈர டிஸ்க்கோடு சரளை இறக்கத்தில் இறங்கினால் நிற்காது.
6. ஊர்களை இணைக்கும் மண்சாலை மட்டுமே. காப்புக்காட்டுக்குள் குறுக்குவழி கிடையாது, ஜிபிஎஸ் காட்டினாலும்.
7. ஜெர்க்கின் அவசியம். ஜனவரி ராத்திரி, மலை!

15-ம் தேதிக்குள் பெயர், டயர் அகலம், டியூபா டியூப்லெஸ்ஸா என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.